கிலோமீட்டர் கூடிய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்? அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

எனக்குத் தெரிந்தவர்கள் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பாதிக்கு மேல் களியக்காவிளை தாண்டி வந்தவை. திருவனந்தபுரம் பக்கம் யாரோ ஆசையாக வாங்கி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டி விற்ற ஆடி டிடி, போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., புன்ட்டோ அபார்த் இப்படி. என்னிடம் இருப்பது முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத் திறன். வாங்கும்போதே மீட்டர் 1,52,000 காட்டியது.

இந்த மாதிரி வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி, "எந்த ஆயில் ஊத்தணும்?" என்பதுதான். நாகர்கோவிலில் எந்தக் கடையில் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில் வரும்: "ஓடின வண்டிதானே, கட்டி ஆயில் போடுங்க." அந்தப் பதிலைக் கேட்டு நானும் நஷ்டப்பட்டேன். ஆயிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வண்டி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். சத்தத்தையோ புகையையோ அடக்குவதற்காகக் கட்டி ஆயில் ஊற்றினால் நோய் உள்ளேயே வளரும்.

முதலில் பழைய ஆயிலை இறக்குங்கள்

விற்றவர் என்ன ஊற்றியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. சத்தம் வெளியே கேட்காமல் இருக்க 20டபிள்யூ-50 என்ற கட்டி ஆயிலை ஊற்றி வண்டியைக் காட்டுபவர்களும் உண்டு. அதனால் வாங்கின வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கம்பெனி கையேட்டில் சொன்ன கிரேடையே போட்டு, 500 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். அதற்குப் பிறகு தெரிகிற அறிகுறிதான் உண்மையான அறிகுறி.

கேனில் இருக்கும் எண்களைக் கொஞ்சம் பார்ப்போம். 5டபிள்யூ-40 என்றால், பின்னால் இருக்கும் 40 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்வது. அந்தச் சூட்டில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. முன்னால் இருக்கும் 5டபிள்யூ குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் குறிக்கும். நம்ம ஊரில் பனி விழுவதில்லையே, அதற்கு என்ன அவசியம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 40 டிகிரியில், அதாவது மதிய வெயிலில் நின்ற வண்டியின் சூட்டில்கூட, சாதாரண 20டபிள்யூ-50 ஆயில் நல்ல சிந்தெடிக் 5டபிள்யூ-40-ஐ விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கும். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் டர்போவுக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் ஆயில் போய்ச் சேரும் வேகம் அங்கே மாறுகிறது.

இதைவிட முக்கியம் கேனின் பின்பக்கம். ஐரோப்பிய வண்டி என்றால் அங்கே ஃபோக்ஸ்வாகன் 502 00 போன்ற கம்பெனி அங்கீகார எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பிய வண்டிக் கம்பெனிகளின் சங்கம்) ஏ3/பி4 என்ற தரம் போட்டிருந்தால், 150 டிகிரியில் பேரிங் இடுக்குக்குள் நசுங்கும்போதும் ஆயில் குறைந்தபட்சம் 3.5 மில்லிபாஸ்கல்-நொடி கெட்டித்தன்மையைத் தக்கவைக்கும் என்று பொருள். ஓடித் தேய்ந்த டர்போ இன்ஜினுக்கு வேண்டிய பாதுகாப்பு இந்த எண்ணில் இருக்கிறது. வெறும் கட்டியான ஆயிலில் அது வந்துவிடாது. 'அங்கீகரிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருப்பதும் 'இதற்கு ஏற்றது' என்று அச்சிட்டிருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது.

சரி, இனி அறிகுறிகள்.

அறிகுறி: ஆயில் விளக்கு எரிகிறது

இதை முதலில் வைக்கக் காரணம், மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு, இதற்குக் கிடையாது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த பங்க் வரை, அடுத்த ஊர் வரை என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும்.

எனக்கு இது நடந்தது ஆரல்வாய்மொழியில். வண்டி வாங்கிய புதிதில் ஒரு கடையில் ஆயில் மாற்றினேன். 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். மூன்று வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை, டேப்பட் (வால்வைத் தள்ளும் சிறு பாகம்) சத்தம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. திருநெல்வேலி போய்விட்டுத் திரும்பும்போது முப்பந்தல் காற்றாலைகள் தாண்டி, ஆரல்வாய்மொழியில் வேகம் குறைத்தபோது ஐட்லிங்கில் விளக்கு மினுங்கியது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைந்தது. நிறுத்திவிட்டேன். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தது. வண்டியைத் தூக்கி ஏற்றித் தக்கலைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே எனக்கு வண்டி பார்க்கும் அண்ணன் விளக்கை நம்பவில்லை. பிரஷர் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டினார். பழைய ஃபோக்ஸ்வாகன் குழும இன்ஜின்கள் பலவற்றுக்கும் ஆயில் 80 டிகிரியில், 2000 ஆர்.பி.எம்.மில் குறைந்தது 2 பார் அழுத்தம் வேண்டும். எனக்கு 1.4 காட்டியது. "மக்கா, ஆயில் இல்லாம இல்ல, மேல ஏற வழியில்ல" என்றார். சம்பை (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றிப் பார்த்தால் ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் பாதிக்கு மேல் கரிப்பிசின் அடைத்திருந்தது. 1.8 டர்போ இன்ஜின்களில் இது பெயர்போன கோளாறு. டர்போவின் சூட்டில் ஆயில் வெந்து கரியாகும், காலம் தாழ்த்தி ஆயில் மாற்றினால் அது வலையில் வந்து படியும். அடைத்த வலை வழியாகக் கட்டி ஆயிலை இழுக்கப் பம்பு இன்னும் திணறும். நான் ஊற்றிய 20டபிள்யூ-50 அந்த நாளை நெருக்கிக் கொண்டுவந்தது.

ஆகவே இந்த வரிசையில் பாருங்கள். முதலில் ஆயில் அளவு. அளவு சரி என்றால் கேஜ் மாட்டி நிஜ அழுத்தம், உங்கள் இன்ஜினுக்கான எண்ணோடு ஒப்பிட்டு. கேஜில் அழுத்தம் சரியாக இருந்தால் சென்சாரை மாற்றினால் போதும். குறைவு என்றால் சம்பை இறக்கி வலையைப் பாருங்கள். வலையும் சுத்தம், பம்பும் நன்றாக இருக்கிறது என்றால் மிச்சம் தேய்ந்த பேரிங்தான், அதை எந்த ஆயிலும் சரிசெய்யாது. சம்பைச் சுத்தம் செய்த பிறகு எனக்கு 502 00 அங்கீகாரமுள்ள 5டபிள்யூ-40 ஊற்றியதும் அழுத்தம் 2.6 காட்டியது.

பிசின் இருக்கும் இன்ஜினில், உள்ளே கழுவுவதற்கென்று விற்கும் 'ஃப்ளஷ்' பாட்டில் ஊற்ற வேண்டாம். கட்டியாகப் பெயர்ந்து வலையில் போய் உட்காரும். நல்ல ஆயிலைப் போட்டு, முதல் இரண்டு மாற்றத்தை 3000 கிலோமீட்டருக்குள் செய்தால் மெதுவாகக் கரைந்து ஃபில்டரில் சேரும்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்

இரண்டு மூன்று நொடி கேட்டு நின்றால் பெரும்பாலும் ஹைட்ராலிக் டேப்பட்டில் இருந்து ஆயில் இரவில் வடிந்திருக்கும். இதற்கு ஆயிலைச் சந்தேகிக்கும் முன் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. விலை குறைந்த ஃபில்டர்களில் அந்த ரப்பர் சீக்கிரமே விறைத்துவிடும். நல்ல ஃபில்டர் போட்டும் சத்தம் இருந்தால், 15டபிள்யூ, 20டபிள்யூவில் இருப்பவர்கள் 5டபிள்யூவுக்கு மாறிப் பாருங்கள். இன்னும் கட்டியாகப் போவது தலைகீழ் வைத்தியம்.

ஆனால் டிடி வைத்திருப்பவர்கள் இங்கே கூர்ந்து கேட்க வேண்டும். உங்கள் 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. இன்ஜின் இ.ஏ.888 வகையில் பழைய தலைமுறை என்றால், ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சங்கிலி உரசும் சத்தம், வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருடையதாக இருக்கலாம். அது டிக் டிக் அல்ல, கம்பிச் சுருளை உலுக்குவது போலிருக்கும். டென்ஷனர் கைவிட்டால் செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜினே போகும். அதற்கும் முந்தைய இ.ஏ.113 என்றால் செயின் கவலை குறைவு, பெல்ட்தான் டைமிங். ஆனால் ஹை பிரஷர் ஃபியூயல் பம்பை அழுத்தும் கேம் ஃபாலோவர் தேயும். அதை அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தீர்வு ஆயில் கேனில் இல்லை.

அறிகுறி: ஆயில் குடிக்கிறது

எவ்வளவு குடிக்கிறது என்று அளக்காமல் யாரும் பேச வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து ஐந்து நிமிஷம் கழித்து, டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1000 கிலோமீட்டர் கழித்து அதே இடத்தில், அதே மாதிரி பாருங்கள். மறுபடி மேல்கோட்டைத் தொட எத்தனை மில்லி ஊற்றினீர்களோ அதுதான் கணக்கு. ஃபோக்ஸ்வாகன், ஆடி கையேடுகள் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஏற்றுக்கொள்கின்றன. 200, 300 மில்லிக்காக பிஸ்டன் ரிங் வேலை பார்க்க ஓடாதீர்கள்.

அப்புறம், புகை எப்போது வருகிறது என்பதைப் பின்னால் ஒருவரை வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஒரு முறை நீலப் புகை விட்டு நிறுத்தினால் வால்வ் சீல். கோதையாறு மலைப்பாதையில் கியரிலேயே இறங்கி, கீழே வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் குப்பென்று புகை வந்தால் அதுவும் வால்வ் சீல் பக்கம்தான். இறக்கத்தில் இன்ஜினுக்குள் உறிஞ்சல் கூடி ஆயில் சீல் வழியே கீழே வந்திருக்கும். மிதித்து இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் ரிங். சிக்னலில் வெகுநேரம் நின்று கிளம்பும்போது வந்தால் டர்போ சீலையும் பாருங்கள்.

இவற்றையெல்லாம் விட முன்னால், மலிவாக முடிகிற ஒன்று உண்டு: பி.சி.வி. வால்வு. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி அது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக உறிஞ்சினால் பரவாயில்லை. மூடியைக் கையால் எடுக்க முடியாத அளவுக்கு உறிஞ்சி, விசில் சத்தம் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கும். மாறாக வாயு புஸ்ஸென்று வெளியே தள்ளினால் வழி அடைத்திருக்கும், இல்லையேல் ரிங் தேய்ந்திருக்கும். எனக்கு முதல் அளவில் 450 மில்லி. வெடித்திருந்த பி.சி.வி. ஹோஸ்களை மாற்றிய பிறகு 250.

ஆயில் விஷயத்தில் இங்கே ஒரு படி மாறலாம். கையேடு 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டையும் அனுமதித்தால், ஓடிய வண்டிக்கு 40-ஐ எடுங்கள். அதே அங்கீகாரத்துக்குள் ஒரு படி, அவ்வளவுதான். ஏ3/பி4 ஆயிலில் ஆவியாகும் அளவு 250 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. சூட்டில் ஆவியாகிப் போகும் பங்கு இதனால் குறையும். இ.ஏ.888 இரண்டாம் தலைமுறை இன்ஜின்களில் பல ஆயில் குடிப்பது பிஸ்டனும் ஆயில் ரிங்கும் அமைந்த விதத்தால். அதற்கு நல்ல ஆயில், அடிக்கடி டிப்ஸ்டிக், கடைசியில் பிஸ்டன், ரிங் மாற்றம். இடைவழியாக பாட்டிலில் விற்கும் 'ஆயில் ட்ரீட்மென்ட்' பெரும்பாலும் ஆயிலைக் கெட்டியாக்கும் சரக்கு.

பி.எம்.டபிள்யூ. பழைய இ46 எம்3-க்கு 10டபிள்யூ-60 ஊற்றச் சொன்னதே கம்பெனிதான். அந்த இன்ஜினின் இடுக்குகளுக்கு அது பொருந்தும். அதைப் பார்த்து போலோவுக்கு ஊற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் வண்டி இழுக்கவே மறந்துவிட்டது.

அறிகுறி: மூடிக்குக் கீழே பால் காப்பி நுரை

ஜூன், ஜூலையில் இதற்காகப் பதறி அழைப்பவர்கள் அதிகம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது, காற்றில் ஈரம் குறைவதே இல்லை. ஸ்போர்ட்ஸ் காரை வாரம் ஒருமுறை வடசேரியில் எடுத்து கோட்டாறு சந்தையோடு திருப்பி நிறுத்தினால் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதேயில்லை. இன்ஜினுக்குள் சேரும் நீராவி மூடியில் குளிர்ந்து ஆயிலோடு கலந்து நுரைக்கும்.

டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் பயமில்லை. மூடியைத் துடைத்துவிட்டு காவல்கிணறு வரை ஒரு நடை போய் வாருங்கள், போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம், கூலன்ட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட் அல்லது ஆயில் கூலர் பழுது. ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கை சில மணி நேரத்திலேயே முடித்துவிடும்.

அறிகுறி: நிறுத்தின இடத்தில் ஆயில் சொட்டு

சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்ற பேச்சு இங்கே பலமாக உண்டு. ஒழுக்கு முன்பே இருந்திருக்கும். பழைய பிசின் அதை அடைத்து வைத்திருக்கும், நல்ல ஆயில் பிசினைக் கழுவிவிடும். இதற்காகத் தாது (மினரல்) ஆயிலுக்குத் திரும்பினால் டர்போ கரியாகும்.

இன்ஜினை முழுக்கத் துடைத்து, இரண்டு நாள் ஓட்டி, ஈரம் தொடங்கும் உச்சிப் புள்ளியைப் பாருங்கள். ஆயில் கீழேதான் வழியும், அதனால் மேலே தொடங்கும் இடமே காரணம். பெரும்பாலும் வால்வ் கவர் கேஸ்கட். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளுக்கு உப்புக்காற்றில் சம்ப் தகடும் டிரெயின் போல்ட்டும் துருவேறி அங்கேயும் கசியும். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். லேசான கசிவுக்கு, சீல்களை மென்மையாக்கும் மருந்து சேர்ந்த 'ஹை மைலேஜ்' ஆயில் உதவலாம், அங்கீகார எண் அதிலும் இருந்தால் மட்டும். கிழிந்த சீலை அது தைக்காது.

அறிகுறி: ஆயில் அளவு கூடுகிறது, பெட்ரோல் மணக்கிறது

குறைவது மட்டும் நோயல்ல. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டி.எஸ்.ஐ., டி.எஃப்.எஸ்.ஐ. இன்ஜின்கள் குறுகிய ஓட்டத்தில் எரியாத பெட்ரோலை ஆயிலில் சேர்க்கும். ஆயில் நீர்த்துப்போய், கேனில் 40 என்று இருந்தது உள்ளே 30 போல நடந்துகொள்ளும். அப்படி என்றால் உடனே ஆயில் மாற்றம், அப்புறம் இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்பு சோதனை. இந்த வண்டிகளுக்கு ஆயில் வாங்கும்போது ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்.பி. தரத்தையும் பாருங்கள். 2020-ல் வந்த அந்தத் தரத்தில், டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் பெட்ரோல் தவறான நேரத்தில் பற்றிக்கொள்வதைத் தடுக்கிறதா என்ற சோதனையும் செயின் தேய்மானச் சோதனையும் சேர்ந்திருக்கின்றன.

அறிகுறி: ஆயில் மாற்றிய பிறகு இழுவை குறைந்தது

கிட்டத்தட்ட எப்போதும் கிரேடு தவறு. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புகள், ஹோண்டாவின் விடெக் உட்பட, ஆயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கின்றன. அவற்றின் சிறு துவாரங்களுக்குக் கட்டி ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். கிரேடைச் சரிசெய்து, அந்த அமைப்புக்கு ஆயிலைத் திறந்துவிடும் சொலினாய்டின் வலையைச் சுத்தம் செய்தால் வண்டி திரும்ப வரும்.

துறைமுகப் பக்கத்துக் கடைகளில் விசைப்படகுக்கும் லாரிக்கும் கிடைக்கும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை, விலை குறைவு என்று பெட்ரோல் டர்போவில் ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன். அது கெட்ட ஆயில் இல்லை, இந்த இன்ஜினுக்கு உரியதில்லை. அதிலுள்ள சாம்பலும் பாஸ்பரஸும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியை (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) மெதுவாகக் கெடுக்கும். ஜாசோ எம்.ஏ. என்று போட்ட பைக் ஆயிலும் அப்படியே, அது கிளட்ச்சையும் நனைக்கும் இன்ஜினுக்காகச் செய்தது.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது

கையேட்டில் 15,000 என்று இருக்கும். புது வண்டிக்கு அது சரி. ஒன்றரை லட்சம் ஓடிய டர்போவுக்கு நான் 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்திருக்கிறேன், எது முதலில் வருகிறதோ அது. மழைக்காலத்தில் குறைவாக ஓட்டினாலும் ஆறு மாதம் ஆறு மாதம்தான். வேகமாக ஓட்டிவந்து நிறுத்தும்போது ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணைக்கிறேன், டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கரியாகாமல் இருக்க.

கேனை சீல் உடையாமல், நம்பிக்கையான கடையில் வாங்கி, கண் முன்னால் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். மாற்றிய தேதி, கிலோமீட்டர், கிரேடு, அங்கீகார எண் நான்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். என் வண்டியில் இப்போது ஆறு ஸ்டிக்கர்கள் வரிசையாக இருக்கின்றன. தக்கலை அண்ணன் பானெட்டைத் திறந்ததும் முதலில் அதைத்தான் படிக்கிறார்.